முடிவுத் தேதியோடு பிறக்கும் கணக்குகள்

பயிற்சி வகுப்புக்குக் கணினிக் கணக்கு திறந்து தரச் சொல்லி ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒருங்கிணைப்பாளர் வருவார், பயிற்றுநர் போன் செய்வார், திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு முப்பது பேர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அதே கணக்கை மூடச் சொல்லி இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என் மேசைக்கு வந்ததில்லை. வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் வாங்குவார்கள், சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களுடைய கணக்குகள் மட்டும் சர்வரில் அப்படியே கிடக்கும்.

2000-களின் பிற்பாதியில் சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். லினக்ஸ், ஆரக்கிள், விண்டோஸ் சர்வர் என்று வகுப்புகள் நடக்கும். சில ஐந்து நாள், சில மூன்று மாதம். கல்லூரியை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் வருகிறவர்கள், கம்பெனிகள் மொத்தமாக அனுப்பிவைக்கும் புதியவர்கள் எல்லோரும் வருவார்கள். லேப் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் இந்தத் தற்காலிகக் கணக்கு வேலையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு லேப் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அப்போது பெரும்பாலான பயிற்சிக்கூடங்களில் பழகிவந்த வழி ஒன்று உண்டு. 'ஸ்டூடண்ட்' என்று ஒரே ஒரு பொதுக் கணக்கு. பாஸ்வேர்டு கரும்பலகையிலேயே எழுதியிருக்கும். பயிற்றுநர்களுக்கு அது வசதி. யாரும் பாஸ்வேர்டை மறக்க முடியாது, புது பேட்ச் வந்தால் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் போன பேட்ச் எழுதிவைத்த விடைகள் அதே ஃபோல்டரில் கிடக்கும். புதிதாக வருகிறவர் யோசிப்பதற்கு முன்பே விடை கண்ணில் பட்டுவிடும். ஒருவர் தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால் எல்லோருடைய காலை நேர உழைப்பும் போய்விடும். கட்டளைத் திரையில் மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். கட்டளையோடு சேர்த்துப் பாஸ்வேர்டையும் அடித்தவர்களின் பாஸ்வேர்டும் அதில் வரும். பிரவுசரில் யாரோ சேமித்துவிட்டுப் போன மின்னஞ்சல் திறந்தே இருக்கும். சர்வரைத் திணறடிக்கும் ஒரு நிரலை யாராவது ஓட்டிவிட்டால், ஓட்டியது யார் என்று சொல்ல வழியில்லை. முப்பது பேருக்கும் ஒரே பெயர்தான்.

ஆளுக்கு ஒரு கணக்கு என்று முடிவெடுத்தோம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் முதல் சிக்கல் வந்தது.

ஆளின் பெயரிலேயே கணக்கு திறக்கலாம் என்பது வெளிநாட்டுக் கையேடுகளில் சர்வ சாதாரணமாக இருக்கும். முதற்பெயரின் முதல் எழுத்து, பிறகு குடும்பப் பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல் இருக்கிறது. ஒரே ஆள் ஒரு தாளில் எஸ். கார்த்திக், இன்னொரு தாளில் கார்த்திக் எஸ், மூன்றாவது தாளில் கார்த்திக் சுப்பிரமணியன். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'எச்' போடுகிறவர் உண்டு, போடாதவர் உண்டு. கடைசியில் 'கே' மட்டும் போடுகிறவர் உண்டு, 'சி' 'கே' இரண்டும் போடுகிறவர் உண்டு. ஒரு பேட்சில் நான்கு கார்த்திக், மூன்று பிரியா என்றால் அதில் வியப்பே கிடையாது. விண்டோஸ் டொமைனின் பழைய வகை லாகின் பெயரில் 20 எழுத்துக்கு மேல் இடமில்லை. லினக்ஸ் 32 வரை தரும். நீளமான பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகப் போட்டால் முதலாவதில் கொள்ளாது. அதுபோக, இவ்வளவு நீளத்தைத் தினமும் காலையில் பிழையில்லாமல் அடிப்பது முதன்முதலாக விசைப்பலகையைத் தொடுகிறவருக்குப் பெரிய தண்டனை.

அதனால் வகுப்பின் குறி, தொடங்கும் ஆண்டு, மாதம், இருக்கை எண் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயர் வைத்தோம். எல்எக்ஸ்0903-17 என்றால் 2009 மார்ச்சில் தொடங்கிய லினக்ஸ் வகுப்பின் பதினேழாவது இருக்கை. பெயரைப் பார்த்த மாத்திரத்தில் இந்தக் கணக்கு எந்த வகுப்புக்கு உரியது, இன்னும் இருக்க வேண்டுமா என்று சொல்லிவிடலாம். ஒரு முறை வந்த பெயர் இன்னொரு முறை வராது. இந்த இரண்டாவது குணம் எவ்வளவு முக்கியம் என்பது அழிக்கும் கட்டத்தில் தெரியும்.

ஆனால் எண்ணைப் பார்த்து முகம் வாடியவர்களும் இருந்தார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "இதுல என் பேரு வராதா சார்?" தமிழ் வழியில் படித்தவர், சொந்தமாகக் கணினி கிடையாது, தனக்கென்று ஒரு கணக்கு கிடைப்பது அதுதான் முதல் முறை. கணக்கில் முழுப்பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் யூனிகோடில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அன்றிலிருந்து எல்லோருடைய பெயரையும் தமிழிலேயே போட ஆரம்பித்தோம். லாகின் திரையில் எண்ணுக்குப் பதிலாக அவரவர் பெயர் தமிழில் வரும். பதிவுப் படிவத்தில் தமிழில் பெயர் எழுத ஒரு வரியைச் சேர்த்ததைத் தவிர இதற்கு வேறு செலவில்லை.

பட்டியல் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து எக்செல் கோப்பாக வரும். இந்தக் கோப்பை அப்படியே நம்பி, கணக்குகளைத் திறக்க நாங்கள் எழுதிய ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பதிவு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும். 3/4 என்று எழுதினால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பது அந்தக் கணினியில் எந்த நாட்டு வழக்கம் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் சேமித்த எழுத்துக் கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும். பாஸ்வேர்டுப் பட்டியலை அப்படியே லினக்ஸுக்குக் கொடுத்தால் அந்தக் குறியும் பாஸ்வேர்டின் பகுதியாகிவிடும். ஸ்கிரிப்ட் ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடியும். மறுநாள் காலை முப்பது பேரும் கையில் தந்த பாஸ்வேர்டுச் சீட்டில் உள்ளதைச் சரியாக அடித்தும் ஒருவராலும் உள்ளே போக முடியாது. ஆகவே கணக்கு திறக்கும் ஸ்கிரிப்டின் முதல் பாதி முழுக்கப் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான். ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் என்று நான்கு இலக்க ஆண்டோடு எழுதாத தேதியை ஏற்காது. ஒரே இருக்கை எண் இரண்டு முறை வந்தால் நின்றுவிடும். கணக்குகள் உண்டான பிறகு அவற்றில் ஒன்றில் தானே லாகின் செய்து பார்க்கும்.

பாஸ்வேர்டு பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. வகுப்புக்கெல்லாம் பொதுவான ஒன்று கூடாது. ஆளுக்கொன்று, கணினியே உருவாக்கியது, சீட்டில் அச்சடித்துக் கையில் தர வேண்டும். அச்சில் ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை நீக்கிவிட வேண்டும்: பூஜ்யமும் 'ஓ'வும், ஒன்றும் சின்ன 'எல்'லும் பெரிய 'ஐ'யும். இதற்கென்றே 'பிடபிள்யூஜென்' என்ற சிறு நிரலில் ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. முதல் லாகினிலேயே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது பாதுகாப்புக் கையேடுகள் சொல்லும் நல்ல பழக்கம்தான். மூன்று மாத வகுப்புக்கு அதைச் செய்வேன். ஐந்து நாள் வகுப்புக்குச் செய்வதில்லை. புதியவர் ஒருவர் தேர்ந்தெடுக்கும் பாஸ்வேர்டை லினக்ஸ் "அகராதிச் சொல்", "மிகவும் சிறியது" என்று ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பித் தள்ளும். அவருக்கு முதல் மணி நேரமே தோல்வியில் கழியும். "அண்ணா, லாகின் ஆகல" என்று லேப் உதவியாளரைக் கூப்பிடும் குரல்கள் அடங்கவே பதினோரு மணி ஆகிவிடும். அன்றைக்குக் கற்றுத்தர வேண்டிய பாடம் அதுவல்ல.

வீட்டு ஃபோல்டரின் அனுமதியையும் சொல்ல வேண்டும். ரெட் ஹாட்டில் புதுக் கணக்கின் ஃபோல்டரை அதன் சொந்தக்காரர் மட்டுமே திறக்கலாம். உபுண்டுவில் 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்புக்கு முன்பு வரைக்கும் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்றே அமைத்திருந்தார்கள். ஒரே சர்வரில் முப்பது பேர் தேர்வு எழுதும் இடத்தில் அது சரிவராது. ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும்.

இனி முடிவுத் தேதிக்கு வருகிறேன்.

லினக்ஸில் கணக்கின் காலாவதித் தேதி 'ஷேடோ' என்ற கோப்பில் இருக்கிறது. கணக்குக்கு ஒரு வரி. அந்த வரியின் எட்டாவது கட்டம். அங்கே இருப்பது 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிவந்தால் எத்தனையாவது நாள் என்ற எண். விண்டோஸ் டொமைனிலும் இதற்கு ஒரு கட்டம் உண்டு. அது 1601 ஜனவரி 1-லிருந்து எண்ணும். எண்ணும் முறை எதுவானாலும் பரவாயில்லை; அந்தத் தேதி எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதுதான் வகுப்பறையில் பிரச்சினையாகும். லினக்ஸில் வெள்ளிக்கிழமைத் தேதியைக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை பிறந்ததுமே கணக்கு பூட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை முழுதும் வேலை செய்துவிட்டு இரவில் மூடும் என்று நினைத்தவருக்குக் கடைசி நாள் தேர்வில் லேபே நின்றுவிடும். இன்னொரு நுணுக்கம்: அது நாளை எண்ணுவது கிரீன்விச் நேரப்படி. நமக்கு அந்த நாள் பிறப்பது காலை 5.30 மணிக்கு. நள்ளிரவில் மூடியிருக்கும் என்று நம்பி அதிகாலை மூன்று மணிக்கு வேறு வேலை ஓட்டினால் கணக்கு இன்னும் உயிரோடிருக்கும். விண்டோஸில், மேலாண்மைத் திரையில் தேதியைத் தேர்ந்தால் "அந்த நாளின் முடிவில்" என்று பொருள். அதே தேதியைப் பவர்ஷெல் கட்டளையில் கொடுத்தால் அந்த நாள் தொடங்கும்போதே காலாவதி. ஒரே தேதி, இரண்டு வழி, ஒரு நாள் வித்தியாசம். ஒவ்வொரு கணக்கையும் குறித்துவைக்கும் எங்கள் பதிவேட்டில், முடிவுத் தேதியாக வகுப்பின் கடைசி நாளை மட்டும் எழுதுவோம். அதோடு மூன்று நாள் கூட்டி, ஒவ்வொரு சர்வரின் வழக்கத்துக்கும் ஏற்பக் கணக்கிட்டுப் போடுவது ஸ்கிரிப்டின் வேலை. மனிதர்கள் இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

இந்தத் தேதி கணக்கைத் திறக்கும் அதே கட்டளையில் போக வேண்டும். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் அந்தப் 'பிறகு' வருவதில்லை. தேதி எழுதாத கணக்கை ஸ்கிரிப்ட் உண்டாக்காது என்று வைத்ததுதான் இதில் நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது என்று நம்புகிறேன். ஒருங்கிணைப்பாளர் தேதியைத் தள்ளிப்போடலாம், எடுத்துவிட முடியாது.

காலாவதி ஆவதும் அழிவதும் வேறு வேறு. காலாவதியானால் புதிதாக உள்ளே நுழைய முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது நிற்காது. மூன்று மாத லினக்ஸ் வகுப்பில் பின்னணியில் நிரல் ஓட்டுவதையே ஒரு பாடமாகச் சொல்லித் தருகிறோம். நல்ல மாணவர் அதைச் செய்து பார்ப்பார். வகுப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகும் அவருடைய நிரல் சர்வரில் சுழன்றுகொண்டிருக்கும். பாஸ்வேர்டை மட்டும் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிற அட்மின்களும் உண்டு. பூட்டுவது என்றால் குறியாக்கிய பாஸ்வேர்டின் முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போடுவது. பாஸ்வேர்டு பயன்படாது, சரி. ஆனால் எஸ்எஸ்எச் சாவியை வைத்து உள்ளே வருகிறவருக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. சாவி உண்டாக்குவதும் எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது.

அழிக்கும் கட்டளை 'யூசர்டெல்'. வீட்டு ஃபோல்டரையும் அஞ்சல் பெட்டியையும் சேர்த்து அழிக்க ஒரு விருப்பத்தேர்வு உண்டு. கணக்கின் பெயரில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அழிக்க மறுக்கும். முதலில் அவற்றை நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கு திட்டமிட்டுவைத்த 'கிரான்' வேலைகளை அது தானாக நீக்குமா என்பது எந்த லினக்ஸ் வகை, எப்படி அமைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீக்காத இடத்தில், கணக்கின் பெயரிலேயே ஒரு கோப்பாக அவை கிடக்கும். அடுத்த பேட்சில் அதே பெயரில் கணக்கு திறந்தால் பழைய மாணவரின் வேலை புது மாணவரின் பெயரில் உயிர்பெற்று எழும். பெயரில் வகுப்பின் ஆண்டும் மாதமும் சேர்ந்திருந்தால் இது நடக்காது என்று முன்பு சொன்னது இதனால்தான்.

இதைவிட ஆழமானது எண் விவகாரம். லினக்ஸுக்குக் கணக்கின் பெயர் ஒரு பொருட்டல்ல. கோப்பு யாருடையது என்பதை அது எண்ணாகத்தான் குறித்துவைத்திருக்கிறது. புதுக் கணக்கு திறக்கும்போது வழக்கமாக இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்று கூட்டிக் கொடுக்கும். கடைசியாக வந்த பேட்சை முழுதாக அழித்துவிட்டு அடுத்த பேட்சைத் திறந்தால் அதே எண்கள் மறுபடி வரும். பழையவர்களின் வீட்டு ஃபோல்டர் போயிருக்கும். ஆனால் தற்காலிக ஃபோல்டரிலும், குழுவாகச் செய்த ப்ராஜெக்டின் பொது ஃபோல்டரிலும், பக்கத்துச் சேமிப்பு சர்வரிலும் அவர்கள் விட்டுப்போன கோப்புகள் இருக்கும். அவையெல்லாம் சத்தமில்லாமல் புதியவர்களுக்குச் சொந்தமாகிவிடும். விண்டோஸ் டொமைனில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே ஒரு முறை கொடுத்த அடையாள எண்ணை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை. லினக்ஸில் அந்த ஒழுக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். பயிற்சிக் கணக்குகளுக்கென்று 20000 முதல் 29999 வரை ஒதுக்கி, கடைசியாகக் கொடுத்த எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அங்கிருந்தே தொடர்ந்தோம். அழித்து முடித்ததும் சொந்தக்காரர் இல்லாத கோப்புகளைச் சர்வர் முழுக்கத் தேடிப் பட்டியலிடும் ஒரு கட்டளையும் ஓடும். கல்யாண மண்டபத்தை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதற்கு முன்னால் எல்லா அறையையும் திறந்து பார்ப்பதில்லையா, அதேதான்.

ஆரக்கிள் வகுப்புக்குத் தனி வேலை. மாணவருக்கு லினக்ஸ் கணக்கு ஒன்று, தரவுத்தளத்துக்குள் ஒன்று. தரவுத்தளக் கணக்கை அவர் உருவாக்கிய அட்டவணைகளோடு சேர்த்து அழிக்க வேண்டும். யாராவது இணைப்பைத் துண்டிக்காமல் எழுந்து போயிருந்தால் "இப்போது இணைப்பில் இருப்பவரை நீக்க முடியாது" என்று 01940 என்ற எண்ணோடு பிழை வரும். முதலில் பூட்டு, பிறகு இணைப்புகளைத் துண்டி, அதன்பின் அழி. பூட்டாமல் துண்டித்தால், தானாகவே மறுபடி இணையும் மென்பொருள்கள் அடுத்த நொடியே வந்து ஒட்டிக்கொள்ளும். வரிசைதான் இதில் எல்லாமே.

இந்த வரிசை பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு. 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சென்னையில் மணிக்கணக்கு, மற்ற மாவட்டங்களில் அதைவிட நீளம். யுபிஎஸ் தாங்காமல் சர்வர் அணையும்போது முப்பது கணக்கில் பதினெட்டு உண்டாகியிருக்கும். மின்சாரம் வந்ததும் அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால், முதல் பதினெட்டும் "ஏற்கெனவே இருக்கிறது" என்று தடுக்கும், அல்லது பாஸ்வேர்டு மாறி, கையில் இருக்கும் சீட்டு பொய்யாகிவிடும். ஆகையால் ஸ்கிரிப்டின் போக்கையே மாற்றினோம். "இந்த முப்பதை உண்டாக்கு" என்பதற்குப் பதிலாக, "பதிவேட்டில் என்ன இருக்கிறது, சர்வரில் என்ன இருக்கிறது, வித்தியாசத்தை மட்டும் சரிசெய்" என்று எழுதினோம். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். பதிவேட்டில் இருந்து சர்வரில் இல்லாததை உண்டாக்கும். காலம் முடிந்ததை மூடும். சரியாக இருப்பதைத் தொடாது. இந்த யோசனை எங்களுடையது அல்ல. நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மார்க் பர்கெஸ் 1993-ல் எழுதத் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் என்ற மென்பொருள் இந்த வழியில் வந்ததுதான். 2012-ல் வந்த ஆன்சிபிள் என்ற கருவியிலும் கணக்கு "இருக்க வேண்டும்", "இருக்கக் கூடாது" என்று நிலையைச் சொன்னால் போதும். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதாமல் ஆன்சிபிளிலேயே தொடங்கலாம் என்பேன். ஆனால் எண்ணை மறுபடி கொடுக்காமலிருப்பது, வகுப்புப் பெயர், முடிவுத் தேதி ஆகியவற்றை எந்தக் கருவியும் உங்களுக்காக யோசித்துத் தராது.

இந்த வழியில் ஒரு பயங்கரமும் ஒளிந்திருக்கிறது. பதிவேட்டில் இல்லாததை அழி என்றால், ஒரு நாள் பதிவேடே காலியாக வந்தால்? பதிவேடு வேறொரு சர்வரில் இருக்கிறது, அந்த இணைப்பு அன்றைக்கு அறுந்துவிட்டது, ஸ்கிரிப்டின் கண்ணுக்கு வகுப்பே இல்லை, எல்லோரையும் அழித்துவிடும். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய நாசங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை: ஸ்கிரிப்டில் ஒரு மாறி (வேரியபிள்) காலியாக இருக்க, அழிக்கும் கட்டளை கேள்வி கேட்காமல் ஓடிவிடும். ஆகவே, ஒதுக்கிய எண் வரம்புக்கு வெளியே இருக்கும் எந்தக் கணக்கையும் ஸ்கிரிப்ட் தொடாது. பதிவேடு காலியென்றால் நின்றுவிடும். ஒரே இரவில் ஒரு வகுப்புக்கு மேல் அழிக்க வேண்டியிருந்தால் அழிக்காமல் எனக்கு அஞ்சல் அனுப்பும். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் அச்சிட்டுக் காட்டும் வசதி முதல் நாளிலிருந்தே அதில் உண்டு. அந்த அச்சுதான் பயிற்றுநருக்கு அறிவிப்பாகவும் போகும்: இந்த வகுப்பின் கணக்குகள் இந்தத் தேதியில் போகின்றன, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதில் மாணவர் எங்கே என்று கேட்கலாம். அழிப்பது அவருடைய உழைப்பையும்தான். ஒரு பயிற்சி முடிந்து சில வாரம் கழித்து ஒரு பையன் வந்தார். "இன்டர்வியூல ப்ராஜெக்ட்டைக் காட்டச் சொல்றாங்க சார், இங்க இருக்குமா?" இருந்தது. கணக்கை அழிப்பதற்கு முன்னால் வீட்டு ஃபோல்டரைச் சுருக்கி 30 நாள் வைத்திருக்கும் வழக்கத்தை அப்போதே கொண்டுவந்திருந்தோம். வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த மூன்று மாத நிரல்கள்தான் கையில் இருக்கும் ஒரே சான்று. அதை அட்மினின் ஒழுங்குக்காக அழித்துவிடுவது நியாயமில்லை. அதேபோல், யாருக்காவது தேவைப்படலாம் என்று எல்லாவற்றையும் காலகாலத்துக்கும் வைத்திருப்பதும் நியாயமில்லை. அந்த ஃபோல்டர்களில் சுயவிவரக் குறிப்புகள், மதிப்பெண் பட்டியல், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். ஆகவே பாஸ்வேர்டுச் சீட்டின் பின்புறத்திலேயே தமிழில் அச்சடித்தோம்: கணக்கு எந்த நாளில் மூடும், உங்கள் கோப்புகளை எப்படி எடுத்துக்கொள்வது, எந்த நாளுக்குப் பிறகு எங்களிடமும் இருக்காது. கடைசி நாள் மதியம் பென் டிரைவில் நகலெடுக்க அரை மணி நேரம் பயிற்றுநர் ஒதுக்கித் தருவார்.

கணக்கு போனாலும் அது யாரிடம் இருந்தது என்ற வரி போகக் கூடாது. கணக்கின் பெயர், ஆளின் பெயர், தொடக்கம், முடிவு ஆகியவை பதிவேட்டில் தங்கும். லேபின் இணைய முகவரியிலிருந்து இரண்டு மாதம் முன்பு ஏதோ நடந்தது என்று வெளியிலிருந்து ஒரு கேள்வி வரும்போது, 'ஸ்டூடண்ட்' என்ற பொதுக் கணக்கை வைத்து ஒரு பதிலும் சொல்ல முடியாது. சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி போட்ட உத்தரவு இப்போது இருக்கிறது. பதிவில் கணக்கின் பெயர் இருந்து, அந்தப் பெயர் அதற்குள் இரண்டு பேர் கை மாறியிருந்தால், அந்தப் பதிவால் யாருக்கும் பயனில்லை.

மேகக் கணினி வகுப்புகள் வந்த பிறகு அழிப்பது பணப் பிரச்சினையும் ஆகிவிட்டது. பழைய லேபில் மறந்துபோன கணக்கு கொஞ்சம் வட்டு இடத்தைத் தின்னும். அமேசானிலோ அஷூரிலோ மாணவர் தொடங்கிய மெய்நிகர் கணினி, அவர் கணக்கை மூடினாலும் ஓடிக்கொண்டே இருக்கும்; பில்லும் ஓடும். எந்தக் கணினியோடும் இணைக்காமல் வைத்திருக்கும் நிலையான இணைய முகவரிக்குக்கூட அமேசான் காசு கேட்கும். அமேசானின் திரையில் வழக்கமாக ஒரு சமயத்தில் ஒரு வட்டாரம்தான் தெரியும். வகுப்பை மும்பை வட்டாரத்தில் நடத்தச் சொன்னோம், ஒருவர் தவறி வர்ஜீனியாவைத் தேர்ந்திருப்பார். மும்பையைப் பார்த்துச் சுத்தம் என்று முடிவுகட்டினால் வர்ஜீனியாவில் கணினி ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்ட் எல்லா வட்டாரங்களிலும் நுழைந்து தேட வேண்டும். அங்கேயும் வரிசை உண்டு: கணினிகள், வட்டுகள், முகவரிகள், பிறகு மாணவரின் சாவிகளும் அனுமதிகளும், கடைசியில்தான் கணக்கு. சாவிகள் இருக்கும்போது கட்டளை வழியாகக் கணக்கை அழிக்கப் போனால் அமேசான் மறுத்துவிடும். வகுப்பின் குறியை ஒவ்வொரு பொருளின் மேலும் ஒட்டாமல் எதையும் தொடங்க முடியாதபடி அனுமதியை அமைத்துவிட்டால் தேடுவது எளிது. பழைய எல்எக்ஸ்0903 வழக்கம் பெயர் மாறாமல் அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

கல்லூரி லேபையோ பயிற்சிக்கூடத்தையோ பார்த்துக்கொள்பவர் இதைப் படித்தால், அவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வரில் உள்ள கணக்குகளைக் கடைசி லாகின் தேதியோடு ஒரு முறை பட்டியலிட்டுப் பாருங்கள். எந்த வகுப்புக்கு உரியது என்று உங்களாலேயே சொல்ல முடியாத கணக்குகளைக் காலாவதி செய்துவிட்டு, கோப்புகளை ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு அழியுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும் எக்செல் தாளில் 'முடிவுத் தேதி' என்று ஒரு பத்தியைச் சேருங்கள். அது காலியாக வந்தால் கணக்கு திறக்காதீர்கள். தாளைத் திருப்பி அனுப்பித் தேதி கேளுங்கள்.